மேற்கோளின் மதிப்பு

தமிழ் பயின்றவர்களுக்கு 'மேற்கோள்' என்ற சொல் புதியதன்று. நம் உரையாசிரியர்கள், தாம் கூறும் கருத்துக்குச் சான்றாக முன்னோர் நூல்களிலிருந்து சில வரிகளை எடுத்துக் காட்டுவார்கள். யாப்பருங்கல விருத்தி என்னும் பழைய உரையைப் புரட்டிப் பார்த்தால், இன்று நம் கைக்குக் கிடைக்காத நூல்கள் பலவற்றின் பெயர்களை அதில் காணலாம். அந்நூல்களின் ஏடுகள் மறைந்துபோயின. ஆயினும், விருத்தியுரைகாரர் எடுத்துக்காட்டிய சில வரிகளில் அவை இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கின்றன. ஒரு நூலைப் பின்வந்தோர் எடுத்துக்காட்டுவது, அந்நூலுக்குக் கிடைக்கும் மறுவாழ்வு எனலாம்.

நான் வாழ்நாள் முழுவதும் தமிழ் கற்பித்தவன், மருத்துவன் அல்லேன். இருந்தும், இன்று மருத்துவ ஆராய்ச்சியாளர்களின் கட்டுரைகளையும், அவற்றுக்குக் கிடைக்கும் மேற்கோள்களையும் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணமாக இருந்தவள் என் தம்பியின் பேத்தி.

எங்கள் ஊர் தாடிக்கொம்பு. திண்டுக்கல்லுக்கு வடக்கே, குடகனாற்றை அடுத்து இருக்கிறது. சௌந்தரராசப் பெருமாள் கோயிலாலும், அக்கோயிலில் தாயார் சந்நிதி மண்டபத்துச் சிற்பங்களாலும் பெயர் பெற்ற ஊர். மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்புப் படிக்கும் அந்தப் பெண் விடுமுறைக்கு வந்திருந்தபோது, ஒருநாள் மாலை அம்மண்டபத்தில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அவள் தன் பட்டத்துக்காக ஓர் ஆராய்ச்சிப் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அவள் மனத்தில் இரண்டு பொருள்கள் இருந்தன. காசநோய்க்கு மருந்து உட்கொள்பவர்களுள் சிலர் இடையிலேயே அதை ஏன் நிறுத்திவிடுகிறார்கள் என்று சுற்றுப்புறக் கிராமங்களில் கண்டறிவது ஒன்று. இப்போது பலரும் விரும்பி எழுதுகின்ற ஓர் ஆய்வுக்கூடப் பொருள் மற்றொன்று.

"தாத்தா, முதற்பொருளை எடுத்தால் நூறு வீட்டுப் படி ஏறி இறங்க வேண்டும். எழுதி முடித்தாலும் அதை மேற்கோள் காட்டுவோர் சிலராகத்தான் இருப்பர். இரண்டாவதை எடுத்தால் மேற்கோள் எண் விரைவில் உயரும். நாளைக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த எண்ணைத்தானே கேட்பார்கள்?" என்றாள்.

அவள் கேட்டதில் பொய் ஏதும் இல்லை. ஆதலால் உடனே விடை சொல்லாமல், அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம் என்றேன். உங்களுக்கும் அதையே முதலில் சொல்கிறேன்.

ஆராய்ச்சியாளர் ஒருவர் கட்டுரை எழுதும்போது, தாம் யார் யாருடைய முடிவுகளைத் துணையாகக் கொண்டார் என்பதைக் கட்டுரையின் இறுதியில் பட்டியலாகத் தருவார். இப்பட்டியல்களையெல்லாம் திரட்டித் திருப்பி அடுக்கினால், எந்தக் கட்டுரையை யார் யார் பின்னர் எடுத்தாண்டார்கள் என்பது தெரியவரும். அமெரிக்க வழக்கறிஞர்கள் 1873-ஆம் ஆண்டிலிருந்தே இத்தகைய ஓர் அட்டவணையை வைத்திருந்தார்கள். ஒரு பழைய தீர்ப்பைப் பின்வந்த நீதிபதிகள் ஏற்றார்களா, தள்ளினார்களா என்று பார்ப்பதற்கு அது அவர்களுக்கு உதவியது. இம்முறையை விஞ்ஞானத்துக்கும் கொண்டுவரலாம் என்று யூஜின் கார்ஃபீல்டு என்பவர் 1955-இல் எழுதினார். அவர் தொகுத்த விஞ்ஞான மேற்கோள் அட்டவணை 1964-இல் வெளிவந்தது. ஒரு கருத்து எவ்வழியே பரவியது என்பதைத் தேடி அறிய உதவும் வழிகாட்டியாகவே அது பிறந்தது. மனிதருக்கு மதிப்பெண் போடும் கருவியாக அது பின்னரே மாறிற்று.

2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலார் ஒரு கணக்கு முறையைச் சொன்னார். ஒருவருடைய கட்டுரைகளில் பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் பத்து. இருபது கட்டுரைகள் இருபது முறை வீதம் காட்டப்பட்டிருந்தால் இருபது. எளிய கணக்கு. எளிமையாக இருப்பதாலேயே எங்கும் பரவிவிட்டது. நிற்க.

இந்த எண் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய மூன்று வரலாறுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, எல்லாப்பிரகத சுப்பாராவ் அவர்களின் வரலாறு. 1895-இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்தவர் அவர். 1925-இல் ஃபிஸ்க் என்ற பேராசிரியரோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசின் அளவை, ஒரு நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளந்தறியும் முறை அது. உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் அம்முறையைக் கையாண்டன. கையாண்டவர்களெல்லாம் அதைக் குறிப்பிட்டார்கள். ஆயிரக்கணக்கான மேற்கோள்கள் பெற்ற கட்டுரைகளுள் அதுவும் ஒன்றாயிற்று.

ஆனால் சுப்பாராவ் செய்தவற்றுள் அதுதான் தலைசிறந்ததா? நம் தசைகளுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்னும் பொருளை, அதே முறையைத் துணையாகக் கொண்டு, அவரும் ஃபிஸ்கும் 1929-இல் கண்டறிந்து எழுதினார்கள். பின்னர் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவருடைய தலைமையில் ஃபோலிக் அமிலத்தைப் பற்றிய ஆராய்ச்சி நடந்தது. அதன் வழியாகவே, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு 1940-களின் இறுதியில் முதன்முதலாகப் பயன்பட்ட மருந்து பிறந்தது. யானைக்கால் நோய்க்கு இன்றும் நம் மக்களுக்குக் கொடுக்கப்படும் மாத்திரை அவருடைய கூட்டத்தார் 1947-இல் வெளியிட்டது. ஒருவன் வீடு கட்டிக்கொடுத்தான். தான் செய்த உளியை அண்டை அயலார்க்கு இரவலும் கொடுத்தான். உளியை வாங்கிச் சென்றவர்களின் எண்ணிக்கையே பெரிதாயிற்று. பலருக்கும் தேவையான கருவியைச் செய்தவருக்கு மேற்கோள் மிகும். அதனால் அக்கருவி தாழ்ந்ததாகிவிடாது. ஆனால் வீட்டின் பெருமையை உளியின் கணக்கைக் கொண்டு அளக்க முடியாது.

இரண்டாவது, கல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் டே அவர்களின் வரலாறு. வாந்திபேதி என்று நாம் அஞ்சிய காலராவின் கிருமியை ராபர்ட் காக் 1884-இல் கல்கத்தாவில் ஆராய்ந்து நிலைநாட்டினார். அக்கிருமி மனிதனை எவ்வாறு கொல்கிறது என்பது மட்டும் அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் விளங்காமலே இருந்தது. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்தினால் நீர் பெருகி நிரம்புகிறது என்பதை டே 1953-இல் காட்டினார். 1959-இல் இன்னும் ஒருபடி மேலே சென்றார். கிருமிகளை வடிகட்டி நீக்கிவிட்டு, அவை வளர்ந்த நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் நிரம்பியது. ஆகவே கிருமி வெளியிடும் ஒரு நஞ்சே உடலின் நீரை இறைத்துவிடுகிறது என்பது தெளிவாயிற்று. அந்த முடிவை 'நேச்சர்' இதழில் சிறியதொரு கட்டுரையாக எழுதினார்.

எழுதிய காலத்தில் அதைக் கவனித்தவர் சிலரே. ஆண்டுகள் செல்லச் செல்ல, காலரா நஞ்சைப் பற்றிய ஆராய்ச்சி வளர வளர, எல்லோரும் அந்தச் சிறு கட்டுரைக்கே திரும்பி வந்தார்கள். 1978-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த நோபல் கருத்தரங்கு ஒன்றுக்கு டே அழைக்கப்பட்டார். அவர் 1985-இல் காலமானார். அதற்கு மறு ஆண்டு, மேற்கோள் அட்டவணையைப் படைத்த அதே கார்ஃபீல்டு, காலரா ஆராய்ச்சி முழுவதையும் தம் அட்டவணையில் வரைந்து பார்த்து, அதன் நடுவே டேயின் பணி எத்தகைய இடம் பெற்றிருக்கிறது என்று தனிக்கட்டுரை எழுதினார். எண் உண்மையைச் சொன்னது. ஆனால் மிகவும் தாமதித்துச் சொன்னது. 1965-ஆம் ஆண்டில் ஒரு தேர்வுக்குழுவினர் அந்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால், டேயை எந்த வரிசையில் வைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது வரலாறு சென்னையில் நிகழ்ந்தது. இதற்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு.

1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து அதை அமைத்தன. ஆராய்ச்சிக்கு வழிகாட்டியவர் வாலஸ் ஃபாக்ஸ். இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று அங்கே விளங்குவது அதன் வளர்ச்சியே.

அக்காலத்தில் காசநோயாளி என்றால் சானடோரியத்துக்குப் போக வேண்டும் என்பதே மருத்துவ உலகின் துணிபு. நல்ல காற்று, நல்ல உணவு, படுக்கையில் ஓய்வு, குடும்பத்திலிருந்து பிரிவு ஆகிய நான்கும் இன்றியமையாதவை என்று கருதப்பட்டன. நம் நாட்டில் நோயாளிகளோ இலட்சக்கணக்கானவர். படுக்கைகளோ சில ஆயிரங்கள். ஆகவே சென்னை நிலையத்தார் ஒரு கேள்வியை எழுப்பினார்கள். புதிய மாத்திரைகளை ஓர் ஆண்டு ஒழுங்காகக் கொடுத்தால், ஏழை நோயாளி தன் நெருக்கடியான வீட்டிலேயே இருந்து குணமடைய முடியாதா?

விடை காண அவர்கள் கையாண்ட முறையை மாணவர்கள் கவனிக்க வேண்டும். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியம் போவது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கோ நோயாளியின் விருப்பத்துக்கோ விடவில்லை. திருவுளச்சீட்டைப் போலத் தற்செயலாகப் பிரித்தார்கள். இரு சாராருக்கும் அதே மருந்துகளைத் தந்தார்கள். வீட்டிலிருந்தோரிடம் முன்னறிவிப்பின்றிச் சென்று மாத்திரைகளை எண்ணினார்கள். மருந்து உட்சென்றதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். ஓராண்டு முடிவில், சானடோரியத்தில் இருந்தோருள் 92 விழுக்காட்டினரிடமும், வீட்டில் இருந்தோருள் 86 விழுக்காட்டினரிடமும் நோய்க்கிருமி அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தோர் உண்ட உணவு குறைவு, ஓய்வும் குறைவு. ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபின்னும் இரு சாராருக்குமிடையே சொல்லத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. சிகிச்சை பெறும் நோயாளி உடன் இருந்ததனால் வீட்டாருக்கு நோய் மிகுந்ததா என்றும் ஐந்தாண்டுகள் பார்த்தார்கள், மிகவில்லை.

முதல் அறிக்கை 1959-இல், உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பக்கங்களில் வெளிவந்தது. டேயின் கட்டுரை வந்ததும் அதே ஆண்டுதான் என்பது நினைவிருக்கும். இந்த அறிக்கையில் ஆசிரியர் என்ற இடத்தில் தனி மனிதர் பெயர் இல்லை. நிலையத்தின் பெயரே இருந்தது. வீடு வீடாக ஏறி இறங்கியவர், சளியைச் சோதித்தவர், கணக்குப் போட்டவர் அனைவரும் அந்த ஒரு பெயருக்குள் அடங்கினர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எண் போடுகின்ற இன்றைய கணக்கில், அந்த அறிக்கையை யார் பெயரில் எழுதுவது?

இன்னொன்றும் உண்டு. அவ்வறிக்கையின் முடிவு உலகெங்கும் ஏற்கப்பட்டது. சானடோரியங்கள் ஒவ்வொன்றாகத் தம் பழைய பணியை இழந்தன. வீட்டிலிருந்தே மருந்து உட்கொள்வது இயல்பான வழக்கமாயிற்று. வழக்கமாகிவிட்ட ஒன்றுக்கு யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. கொதித்த நீர் நல்லது என்று சொல்பவர், அதற்குச் சான்றாக எந்த ஆராய்ச்சியையாவது காட்டுகிறாரா? அதுபோல, இன்று ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய் மாத்திரையைக் கொடுத்து, "வீட்டுக்குப் போய் வாருங்கள்" என்று சொல்லும் மருத்துவர், 1959-ஆம் ஆண்டு அறிக்கையை நினைத்துச் சொல்வதில்லை. முழுமையாக வென்ற கட்டுரை இப்படி மக்களின் வழக்கத்தில் கரைந்து மறைகிறது. மறைந்த அந்தப் பயனைக் கணக்கிட அட்டவணையில் கட்டம் இல்லை.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. நான் பிறப்பதற்கு முன் என் பெரியப்பாவுக்குக் காசநோய் வந்தது. படுக்கைக்காகக் காத்திருந்து, நிலத்தை விற்று, தொலைவிலிருந்த சானடோரியத்துக்குச் சென்றார். பெரியம்மா தம் பிறந்த வீட்டுக்குப் போனார். பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு உறவினர் வீட்டில் வளர்ந்தார்கள். பெரியப்பா திரும்பி வரவில்லை. 1964-இல் என் தாயாருக்கும் அதே நோய் கண்டது. எனக்கு அப்போது பத்து வயது. தாயார் தம் பெட்டியில் புடைவைகளை அடுக்கி வைத்துவிட்டு, என்னையும் தம்பியையும் யார் வீட்டில் விடுவது என்று என் தந்தையாரோடு பேசிக்கொண்டிருந்தது நன்றாக நினைவிருக்கிறது. மறுநாள் திண்டுக்கல் சென்று மருத்துவரைக் கண்டு திரும்பியவர் கையில் ஒரு பெரிய காகிதப் பொட்டலம் இருந்தது. "வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள்" என்றார். பெட்டியைப் பிரித்துப் புடைவைகளைக் கொடியில் போட்டார். கசப்பு மருந்தை ஓராண்டுக்கு மேல் ஒரு வேளையும் தவறாமல் உட்கொண்டு, அதன்பின் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார்.

அந்த மருத்துவர் ஏன் அவ்வாறு சொன்னார் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின் சென்னை ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தபோதுதான் அறிந்தேன். என் தாயார் படிக்காதவர். எந்த இதழிலும் எந்தக் கட்டுரையையும் அவர் மேற்கோள் காட்டியதில்லை. ஆயினும் கொடியில் காய்ந்த அந்தப் புடைவைகளை நான் அந்த அறிக்கைக்குக் கிடைத்த மேற்கோளாகவே கருதுகிறேன்.

இவ்வாறு சொல்வதனால், எண்ணே வேண்டாம் என்பது என் கருத்தன்று. யாராலும் எடுத்தாளப்படாத கட்டுரைகளைக் குவிப்பவரைக் காட்டிலும், பலர் எடுத்தாளும் கட்டுரை எழுதியவர் பெரும்பாலும் பயனுள்ளவராகவே இருப்பார். எண்ணிக்கையை நாம் ஒரு சாட்சியாக அழைக்கலாம், நீதிபதியாக அமர்த்தலாகாது. ஏனெனில் எண், ஏற்றதற்கும் மறுத்ததற்கும் வேறுபாடு அறியாது. தட்டம்மை முதலியவற்றுக்கான தடுப்பூசியால் குழந்தைகளுக்கு மன இறுக்கம் வரும் என்ற அச்சத்தைக் கிளப்பிய ஒரு கட்டுரை 1998-இல் 'லான்செட்' இதழில் வந்தது. அது தவறானதென்று 2010-இல் அவ்விதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை அதை மறுப்பதற்காக எழுதப்பட்டவை. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது பெரும் சாதனை போலத் தோன்றும்.

மேலும், பலர் உழும் நிலத்தில் மேற்கோள் மிகும். சிலரே உழும் நிலத்தில் குறையும். ஏழைகளின் நோய்களை ஆராய்வோர் பெரும்பாலும் அந்த இரண்டாவது நிலத்தில்தான் நிற்கிறார்கள். எண்ணை நோக்கியே இளைஞர்களெல்லாம் நடக்கத் தொடங்கினால் அந்த நிலம் தரிசாகும். இத்தகைய அச்சத்தால்தான், இதழின் மேற்கோள் கணக்கைக் கொண்டு ஆராய்ச்சியாளரை மதிப்பிடலாகாது என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய அறிஞர்கள் ஓர் அறிக்கை வகுத்தார்கள்.

அப்படியானால் ஓர் ஆராய்ச்சியாளரின் பணியை எப்படி மதிப்பிடுவது? அவர் எழுதியவற்றுட் சிறந்த இரண்டு மூன்றை எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும். கேட்ட கேள்வி பெரியதா, விடை காண எடுத்த முறை நேர்மையானதா, பிறர் செய்து பார்த்தபோதும் அதே விடை வந்ததா, அதனால் யாருடைய வாழ்வு மாறிற்று என்று கேட்க வேண்டும். இதற்குப் பொழுது செலவாகும். எண்ணைப் பார்க்க ஒரு நொடி போதும். எண்ணின் கவர்ச்சி முழுவதும் அந்த ஒரு நொடியில்தான் இருக்கிறது.

மாணவர்களாகிய நீங்கள் இப்போதே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. நீங்கள் எழுதும் சிறு கட்டுரையிலும், யாரிடமிருந்து எதைப் பெற்றீர்களோ அதை மறைக்காமல் சொல்லுங்கள். நண்பர் என்பதற்காகவோ பெரியவர் என்பதற்காகவோ தேவையற்ற பெயரைச் சேர்க்காதீர்கள். மேற்கோள் என்பது அடிப்படையில் நன்றி கூறுதல். நன்றி உண்மையாக இருந்தால், அதைக் கூட்டிப் பார்ப்பவரின் கணக்கும் ஓரளவு உண்மையாக இருக்கும்.

இவ்வளவையும் அன்று மண்டபத்தில் அவளிடம் சொன்னேன். அவள் எதிரே இருந்த சிற்பத்தைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "தாத்தா, சென்னை ஆராய்ச்சியில் முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள் என்றீர்களே, அப்போது மாத்திரை குறையாமல் அப்படியே இருந்த வீடுகளில் என்ன செய்தார்கள்?" என்று கேட்டாள்.

அது நல்ல கேள்வி. அக்கேள்வியிலிருந்துதான் அந்நிலையத்தின் அடுத்த ஆராய்ச்சிகளுள் ஒன்று பிறந்தது. நாள்தோறும் வீட்டில் உட்கொள்வதற்குப் பதிலாக, வாரம் இருமுறை நிலையத்துக்கு வந்து மருத்துவப் பணியாளர் கண்ணெதிரே மருந்து பெற்றால் போதுமா என்று ஆராய்ந்து, 1964-இல் வெளியிட்டார்கள். கண்காணிப்பில் மருந்து கொடுக்கும் முறை பிற்காலத்தில் உலகெங்கும் பரவியதற்கு அதுவும் ஒரு வித்து. ஆனாலும் மாத்திரையை இடையில் நிறுத்துவோர் இன்றும் இருக்கிறார்கள். அவள் எழுப்பிய கேள்விக்கு முழு விடை இன்னும் எழுதப்படவில்லை.

விடுமுறை முடிந்து ஊருக்குப் புறப்படும்போது அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். தாடிக்கொம்பைச் சுற்றியுள்ள கிராமங்களின் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன்.